வெளியே அனுப்பும் பள்ளிகள்: திருப்பூணித்துறைத் தமிழ்ப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

கோட்டைக்குள்ளும் எரூரிலும் உதயம்பேரூரிலும் குடியிருப்பவர்கள், அம்பலமுகள் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள், காக்கநாடு இன்ஃபோபார்க்குக்குத் தினமும் போய் வருபவர்கள், மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் என்று வீட்டுக்குள் தமிழ் பேசும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இப்போதும் மாலையில் சில பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். ஸ்டேட் சிலபஸ், சி.பி.எஸ்.இ., ஐ.ஜி.சி.எஸ்.இ., ஐ.பி. என்று எல்லாப் பாடத்திட்டத்துப் புத்தகங்களும் அந்தத் திண்ணையில் கிடக்கும்.

அட்மிஷன் காலம் வந்துவிட்டால் பிள்ளைகளைவிடப் பெற்றோர்கள்தான் அதிகம் வருகிறீர்கள். பூர்ணத்ரயீசர் கோயில் நடையில் பார்த்தாலும், மெட்ரோ டெர்மினலில் பார்த்தாலும் கேள்வி ஒன்றுதான். "சார், இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சேர்க்கலாமா?" கையில் வழவழப்பான தாளில் அச்சடித்த பிராஸ்பெக்டஸ் இருக்கும். நீச்சல் குளம், குதிரை, ரோபோட்டிக்ஸ் ஆய்வகம், கடைசிப் பக்கத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் முத்திரைகள். ஒவ்வொருவருக்கும் நின்றபடி பாதிப் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். முழுப் பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சேர்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பிள்ளை வெளிநாடு போய்ப் படிக்கட்டும் என்று நினைப்பது பேராசையும் இல்லை. இந்தப் பள்ளிகள் எதற்காக உண்டானவை என்று தெரிந்துகொண்டு சேருங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

கொடைக்கானலிலிருந்து தொடங்குகிறேன். தென்னிந்தியாவில் மிஷன் வேலைக்கு வந்த அமெரிக்கக் குடும்பங்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி வயது வந்தால் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும். பிறகு பல வருடம் முகம் பார்க்க முடியாது. அந்தப் பிரிவைத் தவிர்க்க 1901இல் கொடைக்கானல் மலையில் ஹைகிளர்க் என்ற கட்டடத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். அமெரிக்கப் பாடம், ஆங்கில வழி, விடுதி. படித்து முடித்த பிள்ளை ஊர் திரும்பினால் அங்கே கல்லூரியில் தடையில்லாமல் சேர வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அதுதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். 1976இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. டிப்ளமோ நடத்த அனுமதி பெற்றதும் அதுவே.

ஜெனீவாவின் கதையும் இதே போக்குதான். சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்க்கப் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக 1924இல் அங்கே இன்டர்நேஷனல் ஸ்கூல் தொடங்கப்பட்டது. அப்பாவுக்கு மாற்றல் வந்தால் பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கக் கூடாது. எந்த நாட்டுக்குப் போனாலும் எடுத்துக்கொள்ளும் ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தத் தேவையிலிருந்து 1968இல் ஐ.பி. அமைப்பு பிறந்தது. கேம்பிரிட்ஜின் கதை கொஞ்சம் வேறு. 1858இல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குத் தேர்வு நடத்தத் தொடங்கியவர்கள், சில வருடங்களிலேயே கடல் தாண்டி டிரினிடாடுக்கும் வினாத்தாளை அனுப்பினார்கள். பேரரசு போன பாதையில் தேர்வும் போனது. நாம் இன்று கேள்விப்படும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு 1988இல் வந்தது.

இதெல்லாம் நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். நம் ஆட்களே இப்படிப்பட்ட பள்ளிகளை வெளிநாட்டில் கட்டியிருக்கிறார்கள். துபாயில் 1961இல் தொடங்கிய இந்தியன் ஹைஸ்கூலை நினைத்துப் பாருங்கள். குவைத், மஸ்கட், தோஹா என்று வளைகுடா முழுவதும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் உண்டு. அங்கே படிக்கும் மலையாளிப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் பிளஸ் டூ முடித்துவிட்டு ஊருக்கு வந்து கல்லூரியில் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பள்ளிகள். உங்களில் சிலரே அங்கே படித்தவர்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு அந்தப் பள்ளி எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஆக, கொடைக்கானல் ஆனாலும் ஜெனீவா ஆனாலும் துபாய் ஆனாலும் கணக்கு ஒன்றே. சொந்த நாட்டைவிட்டு வெளியே இருக்கும் பிள்ளை, நாளைக்குச் சொந்த நாட்டுக்குத் திரும்ப வழி வேண்டும். நாம் அதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டோம். சொந்த வீட்டில், தாத்தா பாட்டியோடு இருக்கும் பிள்ளையை, நாளைக்கு வெளியே போவதற்காக அந்தப் பள்ளியில் சேர்க்கிறோம். திரும்பி வருவதற்காகப் போட்ட வழியில் நாம் எதிர்த்திசையில் பிள்ளைகளை அனுப்புகிறோம்.

இதனால் வருவது என்ன? கொடைக்கானலில் படித்த அந்த அமெரிக்கப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைத்ததும் வீட்டில் கிடைத்ததும் ஒரே மொழி, ஒரே கதை, ஒரே பாட்டு. பள்ளி அவனுடைய வீட்டின் நீட்சியாக இருந்தது. உங்கள் பிள்ளைக்கு அப்படி இல்லை. காலை ஏழு மணிக்கு மஞ்சள் பஸ்ஸில் ஏறியதும் வீடு ஒரு பக்கம் நின்றுவிடுகிறது. பாடத்தில் வரும் ஊரும் ஆறும் அங்காடியும் அவளுடையவை இல்லை. இதைப் பள்ளி சரிசெய்யும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வீடு பார்த்துக்கொள்ளும் என்று பள்ளி நினைக்கிறது. நடுவில் நிற்பது பிள்ளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தைக் கண்டு மிரண்ட ஊர் இல்லை இது. கொச்சி ராஜ்யத்தில் ஆங்கிலப் பள்ளி முதலில் வந்தது உங்கள் மட்டாஞ்சேரியில்தான். 1818இல் டாசன் என்ற பாதிரியார் அரசாங்க உதவியோடு தொடங்கினார். அது நிலைக்கவில்லை. 1845இல் எர்ணாகுளத்தில் ராஜ்யமே ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. 1875இல் அது கல்லூரியாக உயர்ந்தது. அதுதான் மகாராஜாஸ் கல்லூரி. பூர்ணத்ரயீசரின் யானைகளுக்குரிய தங்க நெற்றிப்பட்டங்களை விற்றுத்தான் மகாராஜா ராஜரிஷி ராமவர்மா ஷொர்ணூரிலிருந்து கொச்சிக்கு ரயில் கொண்டுவந்தார் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். அதே திருப்பூணித்துறையில் 1914இல் சம்ஸ்கிருதக் கல்லூரியும் வந்தது, பிறகு ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியும் வந்தது. ஆங்கிலம் வந்ததற்காக மற்றதை ஓரங்கட்ட வேண்டும் என்று அந்தத் தலைமுறை நினைக்கவில்லை. நம் காலத்தில்தான் ஒன்று வேண்டுமானால் ஒன்றை விட வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்கிறது.

இந்தப் பாடத்திட்டங்களில் நல்லது என்ன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என் திண்ணைக்கு வரும் பிள்ளைகளில் கேள்வி கேட்கக் கூச்சப்படாதவர்கள் பெரும்பாலும் இந்தப் பள்ளிப் பிள்ளைகள்தாம். விடையை ஒப்பிப்பதைவிட, அந்த விடைக்கு எப்படி வந்தாய் என்று கேட்கும் வினாத்தாள் அவர்களுடையது. ஐ.பி. டிப்ளமோவில் ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி. அதோடு 4000 சொல் வரை ஓர் ஆய்வுக் கட்டுரையும், அறிவு என்பது எப்படி உண்டாகிறது என்று யோசிக்க வைக்கும் ஒரு தாளும் சேர்ந்து 3 புள்ளி. மொத்தம் 45. பதினேழு வயதில் ஒரு பொருளை எடுத்து, ஆதாரம் தேடி, தன் வார்த்தையில் நீளமாக எழுதிப் பழகியவன் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் திணற மாட்டான். இதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

இனி, பிராஸ்பெக்டஸில் சிறிய எழுத்தில் இருப்பவை.

முதலாவது, பெயர். 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதிவிட்டு உள்ளே சாதாரண சி.பி.எஸ்.இ. நடத்தும் பள்ளிகள் கேரளம் முழுக்க உண்டு. அதில் குற்றமில்லை, ஆனால் நீங்கள் எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்று தெரிந்து கட்டுங்கள். அங்கீகாரம் உள்ள பள்ளிகளின் பட்டியலைக் கேம்பிரிட்ஜும் ஐ.பி. அமைப்பும் பொதுவில் வைத்திருக்கின்றன. பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஐ.பி.யில் 'கேண்டிடேட் ஸ்கூல்' என்று ஒரு நிலை இருக்கிறது. விண்ணப்பித்திருக்கிறார்கள், இன்னும் அனுமதி வரவில்லை என்று அதற்குப் பொருள். அனுமதி நிச்சயம் வரும் என்று யாரும் உங்களுக்கு உறுதி தர முடியாது. வாய்மொழியாகச் சொல்வதை நம்பிப் பிள்ளையின் பதினோராம் வகுப்பைப் பணயம் வைக்காதீர்கள்.

இரண்டாவது, காலண்டர். ஐ.பி. மே மாதத் தேர்வின் முடிவு ஜூலை முதல் வாரத்தில் வரும். கேம்பிரிட்ஜின் மே, ஜூன் தேர்வுகளுக்கு முடிவு ஆகஸ்டில்தான். அதற்குள் இங்கே பல கல்லூரிகளில் வகுப்பே தொடங்கிவிடும். இந்தச் சிக்கலுக்காகவே கேம்பிரிட்ஜ் இந்தியாவுக்கென்று மார்ச் மாதத்தில் ஒரு தேர்வு வைத்திருக்கிறது. முடிவு மே மாதம் வந்துவிடும். உங்கள் பள்ளி பிள்ளைகளை எந்தத் தேர்வுக்கு உட்கார வைக்கிறது? கேட்டீர்களா?

மூன்றாவது, பாடத் தேர்வு. இது மிக முக்கியம். பிடித்த பாடங்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது இந்தப் பள்ளிகளின் பெரிய கவர்ச்சி. பதினான்கு வயதில் பிசிக்ஸை விட்டுவிட்டு பிசினஸ் ஸ்டடீஸ் எடுத்த பிள்ளை, பதினேழு வயதில் டாக்டராக வேண்டும் என்று சொல்லலாம். நீட் எழுத வேண்டுமானால் பிளஸ் டூ நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்துத் தேறியிருக்க வேண்டும். கேரளத்தின் கீம் பொறியியல் தரவரிசையில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு பிளஸ் டூவின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களும் சேர்கின்றன. வெவ்வேறு போர்டுகளின் மதிப்பெண்ணை எப்படிச் சமன்செய்வது என்று 2025இல் உயர் நீதிமன்றம் வரை வழக்கு போய், வெளியான தரவரிசையே ரத்தானது உங்களுக்கு நினைவிருக்கும். ஐ.பி. டிப்ளமோவை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 1983 முதலே பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்கிறது. ஐ.ஜி.சி.எஸ்.இ. என்பது பத்தாம் வகுப்புக்கு மட்டுமே சமம். அதற்குப் பின் ஏ லெவலோ ஐ.பி. டிப்ளமோவோ பிளஸ் டூவோ முடித்தால்தான் கல்லூரி. இதைப் பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு தெரிந்துகொண்டு பதறி வந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, பணம். ஒரு தகப்பனார் கொண்டுவந்த கட்டண விவரத் தாளைத் திண்ணையில் விரித்துப் பார்த்தோம். டியூஷன் ஃபீஸ் மேலே பெரிதாக இருந்தது. கீழே வரிசையாக: திருப்பித் தராத அட்மிஷன் கட்டணம், திருப்பித் தரும் டெபாசிட், ஆண்டுக் கட்டணம், ஆய்வகம், பஸ், சாப்பாடு, சீருடை, ஸ்கூல் டிரிப், டேப்லெட். அடிக்குறிப்பில் இரண்டு வரி. தேர்வுக் கட்டணம் தனி. அது வெளிநாட்டு நாணய மதிப்பை ஒட்டி மாறும். ஆண்டுதோறும் கட்டணம் உயர்த்தப்படும். எவ்வளவு என்று இல்லை. அவர் முதல் வரியை மட்டும் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்குப் போட்டிருந்தார். எல்லாவற்றையும் கூட்டியபோது அவர் மனத்தில் வைத்திருந்த தொகை எங்கோ நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். இரண்டாவது பிள்ளை இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். நடுவில் பணம் முட்டி, ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையை வேறு போர்டுக்கு மாற்றுவது அவளுக்குச் செய்யும் பெரிய துரோகம். தொடங்குவதற்கு முன்பே யோசிப்பது அதைவிட மேல்.

இவையெல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடும். விசாரித்தாலும் தெரியாதது மொழி.

கேரளத்தில் 2017இல் வந்த சட்டப்படி, சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பள்ளிகள் உட்பட, பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடம். தமிழ்நாட்டில் 2006இல் தமிழுக்குச் செய்ததைப் போன்றது. இதைத் தொல்லையாக நினைக்கும் பெற்றோர்கள் நம்மில் இருக்கிறார்கள். வெளிநாடு போகிற பிள்ளைக்கு மலையாளம் எதற்கு என்று கேட்கிறார்கள். இந்த மண்ணின் சோற்றைத் தின்று வளர்ந்துவிட்டு அப்படிக் கேட்பது அழகில்லை. இந்த ஊரில் பஸ் ஏறவும், ஆஸ்பத்திரியில் நோயைச் சொல்லவும், வில்லேஜ் ஆபீஸில் காகிதம் வாங்கவும், கதகளி அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்து புரிந்து ரசிக்கவும் மலையாளம் வேண்டும். பிள்ளை அதை நன்றாகவே படிக்கட்டும்.

அப்படியானால் தமிழ்? அது பள்ளியின் பொறுப்பில் இல்லை. உங்கள் பொறுப்பில் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி வேளியில் இருக்கும் டோபிகானாவைப் பார்த்திருப்பீர்கள். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள், கஞ்சி போடுகிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் கற்பிக்க எந்தப் பள்ளியும் வரவில்லை. பக்கத்து மட்டாஞ்சேரியில் குஜராத்திகள் தமக்கென்று ஒரு பள்ளி நடத்துகிறார்கள். கொங்கணிகள் திருமலை தேவஸ்வம் வழியாக நடத்துகிறார்கள். படிப்பும் வருமானமும் உள்ள தமிழர்களாகிய நாம் இங்கே வாரத்துக்கு ஒரு மணி நேரத் தமிழ் வகுப்பைக்கூட ஒழுங்காக நடத்தியதில்லை.

ஆங்கிலப் படிப்பும் தமிழும் ஒன்றையொன்று அரித்துவிடும் என்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுவேன். 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கியது. கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம் எல்லாம் ஆங்கிலத்தில். அவ்வளவும் கற்பித்த அதே கூரையின் கீழ்த் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்பித்தார்கள். அங்கே படித்த இருவர்தாம், சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பிறகு ஏடு தேடி அலைந்து தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றியவர். அமெரிக்கர் நடத்திய ஆங்கிலப் பள்ளியின் மாணவர் இல்லாவிட்டால், அந்த நூல்கள் நம் கைக்கு வர இன்னும் எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ!

ஆனால் அந்தப் பள்ளியின் முடிவையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலம் படித்த பையன்கள் மிஷன் வேலையை விட்டுவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்கும் சம்பளத்துக்கும் போகிறார்கள் என்று பாஸ்டனிலிருந்து வந்த மிஷன் தலைமைக்கு மனக்குறை. 1855இல் பள்ளியை மூடிவிட்டார்கள். அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி வர மேலும் பதினேழு வருடம் ஆனது. பாடத்திட்டத்தின் சாவி வேறொரு நாட்டில் இருந்தால், அதை மாற்றவோ மூடவோ அங்கே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். நம்மைக் கேட்க மாட்டார்கள்.

சிங்கப்பூரை இன்னொரு உதாரணமாகப் பாருங்கள். 1987 முதல் அங்கே எல்லாப் பள்ளிகளும் ஆங்கில வழிதான். ஆனாலும் தமிழ்ப் பிள்ளை தாய்மொழிப் பாடமாகத் தமிழைப் படிக்கிறாள், ஓ லெவலில் தமிழ்த் தேர்வு எழுதுகிறாள். அந்தச் சான்றிதழில் கேம்பிரிட்ஜின் பெயரும் இருக்கிறது. உலகத்தரத்துக்கும் தமிழுக்கும் பகை இல்லை என்று ஒரு நாடே பல ஆண்டுகளாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குப் பள்ளியில் 'இடப்பெயர்வு' என்ற தலைப்பில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தார்கள். அவள் அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தை எடுத்திருந்தாள். படமும் வரைபடமும் போட்டு நன்றாகவே செய்திருந்தாள். "உங்க குடும்பம் இந்த ஊருக்கு எப்போ வந்தது?" என்று கேட்டேன். தெரியவில்லை. "தாத்தாகிட்ட கேட்டுட்டு வா" என்று அனுப்பினேன்.

மறுநாள் போனில் பதிவு செய்துகொண்டு வந்தாள். தாத்தாவின் குரல்: "எங்க அப்பாவோட அப்பா கல்பாத்தியிலேர்ந்து வந்தார். கொட்டாரத்துலே தேகண்டத்துக்கு. அம்பி வயசு. கூட ஒரு தங்கையும் இருந்தா." கொட்டாரம் அரண்மனை என்று தெரியும்; தேகண்டம் என்றால் சமையல் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். பிறகு கேள்விகள் கிளம்பின. ஏன் பாலக்காட்டுக் கல்பாத்தியை விட்டு வந்தார்கள்? தஞ்சாவூரிலிருந்து பாலக்காட்டுக்கு எப்போது போனார்கள்? வீட்டில் பேசும் தமிழில் இவ்வளவு மலையாளம் எப்படி வந்தது? அந்தத் தங்கை என்ன ஆனாள்? தாத்தா ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். விசேஷங்களுக்கான சாமான் கணக்கு, தமிழில் எழுதியது. அவளால் படிக்க முடியவில்லை. அம்மாவாலும் தட்டுத் தடுமாறித்தான் முடிந்தது. என் திண்ணையில் உட்கார்ந்து, பரங்கிக்காய் இத்தனை, இஞ்சி இத்தனை, வெல்லம் இத்தனை துலாம் என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

செயல்திட்டத்தை அவள் மாற்றிக்கொண்டாள். பள்ளி ஆசிரியை தடுக்கவில்லை; உள்ளூர்ச் சான்றுகளிலிருந்து எழுது என்றுதான் அந்தப் பாடத்திட்டமே சொல்கிறதாம். எனக்கு அதில்தான் ஆச்சரியம். பாடத்திட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதற்குள் கொண்டுபோக நம் வீட்டில் என்ன இருக்கிறது என்பதை நாம்தான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஐ.பி.யில் தாய்மொழி இலக்கியத்தை, அதைக் கற்பிக்கப் பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டாலும், மாணவர் தாமே படித்துத் தேர்வு எழுதவும் ஒரு வழி இருக்கிறது. ஓப்பன் ஹவுஸில் நீச்சல் குளத்தின் ஆழத்தைக் கேட்கும் பெற்றோர்களில் ஒருவர்கூட இதைக் கேட்டதாக நான் அறியேன்.

அதனால் சில வேண்டுகோள்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு ஆசிரியர்களைப் பற்றிக் கேளுங்கள். சென்ற மூன்று வருடத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள்? உயர் வகுப்புக்குக் கணிதம் எடுப்பவர் இந்தப் பாடத்திட்டத்தில் எத்தனை வருடமாகக் கற்பிக்கிறார்? அடிக்கடி ஆள் மாறும் பள்ளியில் எந்த நாட்டுப் பாடத்திட்டம் இருந்தும் பயனில்லை. சென்ற வருடம் படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். வெளிநாடு போன இரண்டு பேரை மட்டும் காட்டினால், மற்றவர்கள் எங்கே என்றும் கேளுங்கள். இந்தியாவிலேயே படிக்க நேர்ந்தால் அதற்கு இந்தப் பள்ளி என்ன தயாரிப்பு தருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறும் காலம் இது. ஒரே வாசலை நம்பி ஒரு பிள்ளையின் பன்னிரண்டு வருடத்தைக் கட்டக் கூடாது.

மலையாளம் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று பாருங்கள். சட்டத்துக்குப் பயந்து ஒப்புக்கு ஒரு பீரியட் வைத்திருக்கிறார்களா, புத்தகம் வாசிக்க வைக்கிறார்களா? தமிழ் இலக்கியத்தைத் தாமே படித்து எழுதும் வழியை என் பிள்ளைக்குத் திறந்து தருவீர்களா என்று ஒருவர் கேட்டால் மறுப்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள்.

வீட்டில் ஆங்கிலம் பேசிப் பழக்குவதை விட்டுவிடுங்கள். பள்ளி அதற்குத்தான் உங்களிடம் பணம் வாங்குகிறது. அவர்கள் வேலையை நீங்கள் ஏன் செய்ய வேண்டும்? வீட்டுத் தமிழ் பாலக்காட்டுத் தமிழோ மதுரைத் தமிழோ நாகர்கோவில் தமிழோ, எதுவானாலும் அதைத் திருத்தாமல் பேசுங்கள். ஆங்கிலம் கற்பித்தே பிழைத்தவன் சொல்கிறேன்: தாய்மொழியில் ஒரு சம்பவத்தைக் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுப்பது சுலபம். இரண்டிலும் அரைகுறையாக நிற்கும் பிள்ளையோடுதான் என் மாலைகள் அதிகம் செலவாகின்றன.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் தமிழ் வகுப்பு தொடங்குவோம். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் பாடங்களைப் படிப்படியாக உருவாக்கி வைத்திருக்கிறது; புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை. இடத்துக்கு என் திண்ணை இருக்கிறது. டோபிகானாப் பிள்ளைகளும் ரிஃபைனரிக் குடியிருப்புப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரட்டும். எந்தப் பள்ளிச் சீருடை என்று யாரும் கேட்கப் போவதில்லை. கட்டணம் கிடையாது. கற்பிக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான்.

இன்டர்நேஷனல் ஸ்கூலில் சேருங்கள், சேராமல் இருங்கள். அது உங்கள் வசதி, உங்கள் முடிவு. உலகத்துக்குப் போகும் வழியை விலைக்கு வாங்கலாம். திரும்பி வரும் வழி வீட்டு மொழியில் இருக்கிறது. அதை எந்தப் பள்ளியும் விற்பதில்லை. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும்
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன்
திருப்பூணித்துறை